கூரைக்கு லட்சம்... தரைக்கு பூஜ்யமா?

பசுமைக்குடில் போடப் போகிறேன் என்று யாராவது கிளம்பினால் அவர் கேட்கும் கேள்விகளைக் கவனித்திருக்கிறீர்களா? ஷீட் எத்தனை மைக்ரான்? நிழல்வலை 50 சதவீதமா, 75 சதவீதமா? ஜி.ஐ. பைப் எத்தனை எம்.எம்.? உயரம் எத்தனை அடி? மானியம் எவ்வளவு? எல்லாக் கேள்வியும் மேலே பார்த்தே கேட்கப்படுகிறது. கீழே பார்த்து ஒரு கேள்வி கூட இல்லை!

செடி எதில் நிற்கிறது? கூரையிலா தொங்குகிறது?

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் வேப்பம்பட்டு தாண்டியதும் செவ்வாப்பேட்டை ரோடு. அடுத்து புட்லூர், அதற்கடுத்து திருவள்ளூர். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி. இன்று ஒரு பக்கம் மனைப்பிரிவுக் கற்கள், இன்னொரு பக்கம் சென்னைக்குக் காய், பூ, நாற்று அனுப்பிப் பிழைக்கலாம் என்ற கனவு. அந்தக் கனவோடு கால் ஏக்கரில் ஒரு குடில் போட நினைப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது தரையைப் பற்றி. ஆனால் கடைசியில் கூட அதை யோசிப்பதில்லை. "அடியில காங்கிரீட் போட்டுடலாம் சார், சுத்தமா இருக்கும்" என்று மேஸ்திரி சொல்வார். இவரும் தலையாட்டுவார். கதை முடிந்தது.

இந்தத் தலையாட்டலுக்கு எதிராகத்தான் இந்தக் கட்டுரை.

சதுர மீட்டர் என்பது எதன் அளவு?

தேசிய தோட்டக்கலை இயக்கம் 2005-06ல் தொடங்கியது. 2014-15ல் அது ஒருங்கிணைந்த தோட்டக்கலை மேம்பாட்டு இயக்கத்தோடு சேர்ந்தது. 2014ல் வந்த நெறிமுறையில், குழாய்ச் சட்டம் போட்ட நிழல்வலைக் குடிலுக்கு சதுர மீட்டருக்கு 710 ரூபாய் செலவு என்று கணக்கிட்டு அதில் பாதியை மானியமாக வைத்தார்கள். ஒருவருக்கு அதிகபட்சம் 4000 சதுர மீட்டர்.

நல்ல திட்டம்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். சதுர மீட்டர் என்பதே தரையின் அளவு! அளப்பது தரையை, பேசுவது கூரையை. விலைப்பட்டியல் கொடுக்கும் ஒப்பந்தக்காரர்களின் தாளை எடுத்துப் பார்த்தால் பைப், கிளாம்ப், ஷீட், வலை, சொட்டுநீர்க் குழாய் என்று வரிசையாக இருக்கும். தரைக்கு ஒரு வரி இருந்தால் அது 'நிலம் சமன் செய்தல்' என்பதாக இருக்கும். அதாவது ஜே.சி.பி.க்கு ஒரு மணி நேர வாடகை.

வணிகவியல் முதலாம் ஆண்டிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். எந்தச் சொத்து எத்தனை வருடம் உழைக்கும் என்று பார்த்துத்தான் முதலீடு செய்ய வேண்டும். 200 மைக்ரான் ஷீட்டின் ஆயுள் மூன்று முதல் ஐந்து வருடம். கிழிந்தால் புது ரோல் வாங்கி நாலு ஆள் வைத்து மாற்றிவிடலாம். வலையும் அப்படியே. ஜி.ஐ. பைப் நன்றாகப் பராமரித்தால் பதினைந்து வருடம் நிற்கும். தரை? அது குடில் இருக்கும் வரை இருக்கும். தப்பாகப் போட்டுவிட்டால் குடில் போன பிறகும் இருக்கும்!

மாற்றக்கூடிய பொருளுக்கு மாதக்கணக்கில் யோசனை. மாற்றவே முடியாத பொருளுக்கு மேஸ்திரியின் ஒரு வரி. இது என்ன கணக்கு?

காங்கிரீட் தளத்தின் ஐந்தொகை

ஆயிரம் சதுர மீட்டர் குடில் என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ கால் ஏக்கர். நாலு அங்குலம், அதாவது 10 செ.மீ. கனத்தில் முழுத் தரைக்கும் காங்கிரீட் போட்டால் 100 கன மீட்டர். 1:2:4 கலவையில் கன மீட்டருக்கு ஆறு மூட்டை சிமென்டுக்குக் குறையாது. ஆக 600 மூட்டை. மூட்டை 400 ரூபாய் என்று வைத்தாலே சிமென்டுக்கு மட்டும் 2,40,000 ரூபாய். ஜல்லி, மணல், கூலி எல்லாம் தனி. அந்த 2014 நெறிமுறைக் கணக்கில் முழு நிழல்வலைக் குடிலுக்கே 7,10,000 ரூபாய்தான் வருகிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, போட்டாகிவிட்டது. இனி என்ன நடக்கும்?

முதலில் சூடு. பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் மெல்ல மெல்ல வெளியே விடுவது காங்கிரீட்டின் குணம். மொட்டை மாடி வீட்டில் மே மாதம் படுத்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. திருத்தணியில் இத்தனை டிகிரி என்று கோடையில் செய்தியில் வாசிக்கும் மாவட்டம் இது. 40 டிகிரி தாண்டுவது புதுசு இல்லை. இரவிலும் சூடு இறங்காவிட்டால் தக்காளியில் பூ உதிரும், காய்ப்பிடிப்பு குறையும். வெயிலைக் குறைக்க மேலே காசு கொடுத்து வலை கட்டிவிட்டு, வெயிலைச் சேமிக்க கீழே காசு கொடுத்து அடுப்பு கட்டுவதா?

அடுத்தது தண்ணீர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர மீட்டர் கூரையில் ஒரே நாளில் 100 மி.மீ. பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். வடகிழக்குப் பருவமழையில் இந்தப் பக்கம் 100 மி.மீ. என்பது அதிசயம் இல்லை. 2015 டிசம்பரையும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் மறக்க முடியுமா? வலைக்குடில் என்றால் அந்த மழை உள்ளேயே விழும். ஷீட் குடில் என்றால் ஓரத்தில் கொட்டி உள்ளே புகும். மண் கொஞ்சமாவது குடிக்கும். காங்கிரீட் ஒரு சொட்டுக் கூடக் குடிக்காது. சரிவும் வாய்க்காலும் சரியாக இல்லாவிட்டால் குடில் நீச்சல் குளம்தான்.

மூன்றாவது பாசி. சாதாரண நாளிலேயே செடிக்கு ஊற்றும் தண்ணீர் தொட்டியிலிருந்து வடிந்து தளத்தில் குட்டை குட்டையாக நிற்கும். அதில் உரமும் கலந்திருக்கும். பாசிக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. பாசியும் ஈரமும் இருக்கும் இடத்தில் நாற்றின் வேரைத் தின்னும் சிறு ஈக்களின் புழு பெருகும். இதெல்லாம் செடிக்கு வரும் கேடு. குழித்தட்டைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நடக்கிற பெண்கள் வழுக்கி விழுந்தால்? அவர்கள் இடுப்பு எலும்புக்கு எந்த ஏட்டில் தேய்மானம் எழுதுவது?

நாலாவதுதான் உச்சம். தப்பு என்று தெரிந்து பெயர்க்க நினைத்தால், 100 கன மீட்டர் காங்கிரீட்டின் எடை சுமார் 240 டன். பத்து டன் லாரி என்றால் 24 லோடு! போட்டதற்கு ஒரு செலவு, உடைப்பதற்கு ஒரு செலவு, கொட்டுவதற்கு ஒரு செலவு. நிலம் திரும்ப நிலமாக எத்தனை வருடம் என்பது வேறு.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

குளிர் நாட்டிலிருந்து வந்தது. அங்கே கண்ணாடி வீடு கட்டியதே குளிரிலிருந்து செடியைக் காப்பாற்ற. கல், செங்கல், காங்கிரீட் தரை பகல் வெயிலைப் பிடித்து வைத்து இரவில் கொடுத்தால் அங்கே அது லாபம். எரிபொருள் மிச்சம். அவர்கள் புத்தகத்தில் அவர்கள் ஊருக்குச் சரியானதை எழுதினார்கள். அதை அப்படியே எடுத்துச் செவ்வாப்பேட்டையில் கொட்டியது யார் தப்பு? கம்பளிச் சட்டை நல்லதுதான். அதற்காக அக்னி நட்சத்திரத்தில் போட்டுக்கொண்டு திரிவார்களா?

"நெதர்லாந்தில் முழுக்க காங்கிரீட் தளத்தில் பூச்செடி வளர்க்கிறார்களே" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வளர்க்கிறார்கள். ஆனால் அது வெறும் தளம் இல்லை. மட்டம் பார்த்து வார்த்த அந்தத் தளத்தில் தண்ணீரை ஏற்றி, தொட்டியின் அடி வழியாகச் செடி குடித்ததும், மிச்சத்தை வடித்து, சுத்தம் செய்து மறுபடியும் பயன்படுத்துகிறார்கள். குளிருக்குச் சூடேற்றும் குழாயும் உள்ளேயே ஓடும். அந்தத் தளமே ஒரு இயந்திரம். அதைப் போலச் செய்ய முதலும் ஆளும் இருப்பவர் தாராளமாகச் செய்யட்டும். மேஸ்திரி மட்டப்பலகை வைத்துத் தேய்த்துவிட்டுப் போகும் தளத்துக்கும் அதற்கும் பெயர் ஒன்று, வேலை வேறு.

ரப்பீஷ், சாம்பல், கசடு...

காங்கிரீட்டுக்குக் காசு இல்லாதவர்கள் செய்வது இன்னும் ஆபத்து. தாழ்வான நிலத்தை மேடாக்க எது சும்மா கிடைக்கிறதோ அதைக் கொட்டுவது.

இடித்த கட்டிடத்தின் ரப்பீஷ் இரண்டு லோடு. அதில் சுண்ணாம்பும் சிமென்டும் இருக்கும். மண்ணின் காரத்தன்மை ஏறும். இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் இலை மஞ்சளாகும். உடனே உரக்கடைக்கு ஓடுவார். நோய் கீழே, மருந்து மேலே.

அத்திப்பட்டு, எண்ணூர் பக்கம் அனல்மின் நிலையங்கள் இருப்பதால் இந்த மாவட்டத்துக்கு சாம்பல் தூரத்துப் பொருள் இல்லை. செங்கல்லுக்கும் சிமென்டுக்கும் அது நல்ல பொருள். ஆனால் நிலக்கரிச் சாம்பலில் போரான் இருக்கும். செடிக்குத் துளி போதும், கொஞ்சம் கூடினால் விஷம். கன உலோகங்களும் இருக்கலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி இரும்பு உருக்கும் ஆலைகள் உண்டு. அங்கே மிஞ்சும் கசடு பார்க்க ஜல்லி மாதிரியே இருக்கும். ரோட்டுக்கு அடியில் போட அதற்கென்று சோதனைகள் இருக்கின்றன. எந்தச் சோதனையும் இல்லாமல் கீரை விளையும் குடிலுக்குள் கொட்டினால், அது கீரை வழியாக யார் தட்டுக்குப் போகும் என்று யோசிக்க வேண்டாமா? சும்மா கிடைக்கும் பொருளுக்குத்தான் விலை அதிகம். பில் மட்டும் தாமதமாக வரும்.

"அப்போ மண்ணே போதும்" என்றால்?

காங்கிரீட்டைத் திட்டினால் உடனே கைதட்ட ஒரு கூட்டம் இருக்கிறது. "இயற்கையே சிறந்தது, மண்தான் தாய், தரையில் நேரடியாக நடு" என்பார்கள். அவர்களும் பாதிதான் சரி.

மூடிய குடிலுக்குள் இருக்கும் மண் வெளி வயல் மண் மாதிரி இல்லை. ஷீட் கூரை இருப்பதால் மழை உள்ளே வந்து மண்ணை அலசாது. சொட்டுநீரில் விடும் உரத்தின் உப்பு வருடா வருடம் மேலே தங்கும். ஒரே குடும்பப் பயிரைத் திரும்பத் திரும்ப வைப்பதால் அந்தப் பயிரின் எதிரி மண்ணுக்குள் குடும்பம் நடத்தும். அதில் முதல் எதிரி வேர்முடிச்சு நூற்புழு. கண்ணுக்குத் தெரியாது. தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய், கார்னேஷன், ஜெர்பரா எதையும் விடாது. சூடான ஈர மண்ணில் ஒரு தலைமுறைக்கு ஒரு மாதம் போதும். ஒரு பெண் புழு இடும் முட்டை சில நூறு. எல்லாம் பிழைக்காது என்றாலும் நாலு மாதப் பயிரில் நாலு தலைமுறை! கூட்டு வட்டி என்றால் என்ன என்று புரியாதவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கலாம்.

முன்பு மீத்தைல் புரோமைடு என்ற வாயுவை மண்ணுக்குள் செலுத்திக் கொல்வார்கள். ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று மாண்ட்ரீல் ஒப்பந்தப்படி வளர்ந்த நாடுகள் 2005லும், வளரும் நாடுகள் 2015லும் விவசாயத்தில் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. அந்தக் குறுக்கு வழி மூடிவிட்டது. மூடியதும் நல்லதுக்குத்தான்.

இன்னொரு விஷயம் இந்த ஊருக்கென்றே உண்டு. தலைமுறை தலைமுறையாகச் சேறடித்து நெல் நட்ட நஞ்சையில், உழவு ஆழத்துக்குக் கீழே ஒரு கெட்டித் தட்டு உருவாகியிருக்கும். நெல்லுக்கு அது வரம், தண்ணீர் நிற்கும். தக்காளிக்கு அதுவே சாபம், வேர் அழுகும். நஞ்சையைச் சமன் செய்து அப்படியே குடில் போடுவதும் ஒரு வகையில் காங்கிரீட் போடுவதுதான். காங்கிரீட் அரை அடி கீழே இருக்கிறது, அவ்வளவே.

பின் எதுதான் சரி?

எல்லோருக்கும் ஒரே தரை என்று சொல்பவரை நம்பாதீர்கள். உள்ளே என்ன நடக்கப் போகிறது என்பதைப் பொறுத்தது.

*நாற்றங்கால், தொட்டிச் செடி வளர்ப்பவருக்கு:* முதலில் நூறு அடிக்கு ஒன்று முதல் இரண்டு அடி சரிவு. ஓரத்தில் வாய்க்கால். மேலே மூன்று நாலு அங்குலத்துக்கு முக்கால் ஜல்லி. அதன் மேல் நெய்த கறுப்புக் களைவிரிப்பு, கடையில் வீட் மேட் என்று கேட்டால் கொடுப்பார்கள். தண்ணீர் கீழே போகும், களை மேலே வராது. கிரஷர் தூளை ஜல்லியோடு கலக்கவே கூடாது. சந்துகளை அடைத்து ஜல்லியைத் தளமாக்கிவிடும். குழித்தட்டுகள் தரையில் வேண்டாம், இடுப்புயரப் பெஞ்சில் இருக்கட்டும். தரையில் வைத்த தொட்டியின் ஓட்டை வழியாகவே நூற்புழு ஏறும், வேரும் கீழே இறங்கும். வேலை செய்பவர் முதுகும் தப்பிக்கும்.

*காய், கொய்மலர் நேரடியாக வளர்ப்பவருக்கு:* கெட்டித் தட்டை ஆழ உழுது உடைத்து, தொழுவுரம் சேர்த்து, ஒரு அடிக்கு மேட்டுப்பாத்தி. பாத்திக்கு மூடாக்கு, நடைபாதைக்கு மட்டும் களைவிரிப்பு. வருடம் ஒருமுறை ஏப்ரல், மே வெயிலில் மண்ணை நனைத்துக் கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் நாலு முதல் ஆறு வாரம் மூடி வைத்தால் வெயிலே மண்ணைச் சுத்தம் செய்யும். இந்த ஊரில் சும்மா கிடைப்பதில் நல்ல பொருள் அந்த வெயில் ஒன்றுதான்! வேப்பம் புண்ணாக்கும் சூடோமோனாசும் துணைக்கு.

*மண்ணே கெட்டுவிட்டது என்பவருக்கு:* தரை முழுக்க விரிப்பு, மேலே தென்னை நார்க்கழிவுப் பைகள், வடியும் நீரைச் சேர்க்கக் கால்வாய். பொள்ளாச்சி நார்க்கழிவு கப்பலேறிப் போய் வெளிநாட்டுக் குடில்களில் செடி வளர்க்கிறது. நம்மூர்க்காரர் அதைத் தாண்டிப் போய் சிமென்ட் வாங்குகிறார். உப்பு போக நன்றாக அலசிய பிறகே அதைப் பயன்படுத்த வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

காங்கிரீட்டுக்கு இடமே இல்லையா? உண்டு. தள்ளுவண்டி போக நடுவில் மூன்றடிப் பாதை, உரத்தொட்டியும் மோட்டாரும் வைக்க ஒரு மூலை, வாசலில் கால் நனைத்து வரும் ஒரு தொட்டி. அவ்வளவு போதும். செருப்பில் ஒட்டி வரும் மண்ணில்தான் நூற்புழு டிக்கெட் இல்லாமல் பயணம் செய்கிறது. அந்த வாசல் தொட்டி ஒன்று பல ஆயிரம் ரூபாய் மருந்தை மிச்சம் பிடிக்கும்.

நீர் குடிக்கும் தரைக்கு இன்னொரு லாபமும் உண்டு. கோடை மதியத்தில் ஜல்லியில் தண்ணீர் தெளித்தால் ஆவியாகிக் குடில் கொஞ்சம் குளிரும். இதற்கு வெளிநாட்டுப் புத்தகம் வேண்டாம். வெயில் காலத்தில் வாசல் தெளிக்கும் பாட்டிகளுக்குத் தெரிந்ததுதான். காற்றில் ஈரம் அதிகமான கடலோர மாவட்டம் என்பதால் சாயங்காலத்துக்கு மேல் மட்டும் கூடாது. இரவெல்லாம் ஈரம் நின்றால் பூஞ்சாணம் வரும்.

கொடிக்கால்காரருக்குத் தெரிந்தது

தமிழ்நாட்டுக்குக் குடில் விவசாயம் புதுசு என்று யார் சொன்னது? வெற்றிலைக் கொடிக்கால் என்ன? அகத்தியை முதலில் வளர்த்து, அதன் நிழலில், அதையே கொம்பாக்கி வெற்றிலைக் கொடி ஏற்றுகிறார்கள். உயிருள்ள நிழல்வலை! ஆனால் அகத்தி விதைக்கும் முன்பே அவர்கள் செய்யும் வேலை எது தெரியுமா? தரை. வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணை ஏற்றி மேட்டுப்பாத்தி கட்டி, தண்ணீர் வரவும் வேண்டும், நிற்காமல் போகவும் வேண்டும் என்று அளந்து செய்வார்கள். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் மண்வெட்டி பிடித்துத் தரை செய்தவர்களின் உழைப்பு இருக்கிறது. அவர்கள் யாரும் முதலில் கூரையைப் பார்க்கவில்லை.

கேட்க வேண்டிய கேள்வி

குடில் போடுகிறவர் பெரும்பாலும் கடன் வாங்கித்தான் போடுகிறார். மானியம் பாதி என்றாலும் மீதிப் பாதி வங்கியிலோ, நகை அடகிலோ, மச்சான் கையிலோ வாங்கியதுதான். கூரை கிழிந்தால் ஒரு பருவம் போகும். தரை கெட்டால் கடன் நிற்கும், குடில் நிற்கும், பயிர் மட்டும் நிற்காது.

ஆகவே தோட்டக்கலைத் துறை அதிகாரி ஆய்வுக்கு வரும்போது டேப் பிடித்து நீள அகலம் அளந்ததோடு போகாமல், ஒரு குழி வெட்டித் தண்ணீர் ஊற்றி எத்தனை நேரத்தில் இறங்குகிறது என்று பார்க்கட்டும். கடன் கொடுக்கும் வங்கி மேலாளர் மண், நீர்ப் பரிசோதனைச் சீட்டைக் கேட்கட்டும். ஒப்பந்தக்காரர் விலைப்பட்டியலில் தரைக்கென்று தனியாக ஒரு பக்கம் எழுதட்டும். ரெட்டியார்சத்திரத்தில் காய்கறிக்கும், தளியில் மலர்களுக்கும் இஸ்ரேல் கூட்டுறவில் அரசு மகத்துவ மையங்கள் இருக்கின்றன. பயிற்சிக்குப் போகிறவர்கள் அங்கே அண்ணாந்து பார்ப்பதோடு நிற்காமல் கொஞ்சம் குனிந்தும் பார்த்துவிட்டு வரட்டும்.

அடுத்த முறை மேஸ்திரி "அடியில காங்கிரீட் போட்டுடலாம் சார்" என்றால், பதிலுக்கு ஒரே கேள்வி கேளுங்கள்.

"தண்ணி எங்கய்யா போகும்?"

பதில் சொல்லத் தெரிந்தவரிடம் மட்டும் வேலையைக் கொடுங்கள்.